மாதக் கணக்கும் மலக் கணக்கும்



அழைப்பிதழில் இந்தத் தலைப்பை அப்படியே அச்சிடலாமா என்று அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ‘பெண்களின் வயிற்று நலம்’ என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள். வேண்டாம் என்றேன். இன்றைக்கு ஆண்களைப் பற்றியும் பேசப்போகிறேன் என்பது ஒரு காரணம். மாதவிடாய், மலம் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதால்தான் அவற்றுக்கு இடையிலுள்ள உறவு நம் கண்ணில் படாமலே போகிறது என்பது இன்னொரு காரணம். நோயாளி கூசுகிறார், சரி. மருத்துவரும் சேர்ந்து கூசினால் எப்படி?

பெரிய மருத்துவமனைகளில் மகளிர் நோய்ப் பிரிவு ஒரு கட்டடத்தில் இருக்கும், எங்கள் குடல்நோய்ப் பிரிவு வேறொரு கட்டடத்தில் இருக்கும். மாதவிடாயைப் பற்றி அங்கே கேட்பார்கள், மலத்தைப் பற்றி இங்கே கேட்பார்கள். இரண்டும் நடக்கிற உடம்பு ஒன்று. அந்த உடம்புக்குச் சொந்தக்காரி இரண்டு ஓபி சீட்டோடு அலைவாள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுத வேண்டும். எழுதினால் சில நோய்கள் சீக்கிரம் பிடிபடும், பல வீண் பயங்கள் தீரும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஹார்மோன் என்றதும் பருவம் அடைவது, மீசை முளைப்பது, பிள்ளை பெறுவது இவையெல்லாம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஹார்மோன் என்ற கருத்து பிறந்தது குடலில். 1902இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கமருந்து கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அந்தப் பகுதிக்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்புத் தொடர்பே கிடையாது. ஆனாலும் கணையம் சுரந்தது. அப்படியானால் தகவல் ரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். தகவலைக் கொண்டுபோன பொருளுக்குச் செக்ரடின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்டார்லிங் ஒரு சொற்பொழிவில் இப்படிப்பட்ட பொருள்களுக்கெல்லாம் ஹார்மோன் என்று பொதுப்பெயர் சூட்டினார். ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு, 1929இல்.

அதை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து. கழிவு என்று நாம் ஒதுக்குகிற பொருள்களில்தான் ஹார்மோனின் வரலாறே கிடக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் இந்தத் துறைக்கு வரவே கூடாது.

ஈஸ்ட்ரோஜன் ஒரு செல்லுக்குள் வேலை செய்ய வேண்டுமானால் அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்க வேண்டும். ஒரே ஒரு வகை ஏற்பிதான் உண்டு என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1996இல் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்தாஃப்சன் குழுவினர் இரண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அதை பீட்டா ஏற்பி என்கிறோம். அவர்கள் அதைக் கண்டெடுத்த இடம் ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பி. பிறகு தேடிப் பார்த்தால், மனிதனின் பெருங்குடல் உட்சுவரில் இருப்பதும் பெரும்பாலும் இதே பீட்டாதான். ஆணுக்கும் இருக்கிறது, பெண்ணுக்கும் இருக்கிறது. ‘பெண் ஹார்மோன்’, ‘ஆண் ஹார்மோன்’ என்பதெல்லாம் நம் வசதிக்காக ஒட்டிய லேபிள்கள். ஆணின் உடம்பு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அறுபத்தைந்து வயதுத் தாத்தாவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், அதே வயதுப் பாட்டியின் ரத்தத்தில் இருப்பதைவிட எஸ்ட்ராடியோல் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். பாட்டிமார்கள் இதை வீட்டில் போய்ச் சொல்லிச் சண்டை மூட்ட வேண்டாம்.

சரி, குடலுக்கு வருவோம். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில், அதாவது முட்டை வெளிவந்த பிறகு, புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது. கருப்பைத் தசை இறுகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. குடலைச் சுற்றியிருப்பதும் அதே இனத்து மென்தசைதான். புரோஜெஸ்டிரோன் ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. எனவே குடலும் கொஞ்சம் தளர்கிறது. வயிறு உப்புகிறது, புடவைக் கொசுவம் இறுக்குகிறது, இரண்டு நாளாகச் சரியாகப் போகவில்லை என்கிறார்கள். பிறகு கரு தங்கவில்லை என்று தெரிந்ததும் புரோஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்குகிறது. கருப்பை உட்சுவரிலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் வெளிப்பட்டுக் கருப்பையைச் சுருங்க வைக்கின்றன. மாதவிடாய் வலி என்பது பெருமளவு அதுதான். பக்கத்திலேயே இருக்கும் குடலும் அதே பொருளால் சுருங்குகிறது. முதல் நாளோ இரண்டாம் நாளோ இளக்கமாக இரண்டு மூன்று தடவை போவது இதனால்தான். நம் வீடுகளில் ‘உடம்பு சூடு, அதான்’ என்று மோர் கொடுப்பார்கள். மோர் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது நோயும் இல்லை, சாப்பாட்டுக் கோளாறும் இல்லை. வலிக்கு வழக்கமாக விழுங்கும் மெஃபெனமிக் அமில மாத்திரை செய்வது இந்தப் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிற வேலையைத்தான். வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள், இரைப்பைச் சுவரைக் காப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான்.

இந்தக் குடல் ஒழுங்கின்மை சாதாரணப் பெண்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை அறிய எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கென்னத் ஹீட்டன் என்ற மருத்துவர் இருந்தார். மலத்தைப் பற்றி இவ்வளவு மரியாதையோடு சிந்தித்த மனிதர் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாகப் போவதை முதல் வகை என்றும், வெறும் தண்ணீராகப் போவதை ஏழாம் வகை என்றும் வரிசைப்படுத்தி, இன்று உலகம் முழுக்க மருத்துவமனைச் சுவர்களில் தொங்கும் பிரிஸ்டல் அட்டவணை அவரிடமிருந்து வந்தது.

ஹீட்டனும் அவருடைய சகாக்களும் கிழக்கு பிரிஸ்டலில் 838 ஆண்களையும் 1059 பெண்களையும் பிடித்தார்கள். யாரும் நோயாளிகள் அல்லர், ஊரில் நடமாடும் சாதாரண மக்கள். ‘உங்களுக்கு மலச்சிக்கல் உண்டா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. அடுத்தடுத்து மூன்று முறை போகும்போது நேரம் என்ன, எந்த வகை என்று எழுதித் தரச் சொன்னார்கள். முடிவுகள் 1992இல் வெளியாயின. தினம் ஒரு தடவை, அதுவும் ஒழுங்காக ஒரே கதியில் போகிறவர்கள் ஆண்களில் 40 சதவீதம். பெண்களில் 33 சதவீதம்! தினமும் காலையில் போனால்தான் ஆரோக்கியம் என்று நாம் பிள்ளைகளை மிரட்டுகிறோமே, அந்த ‘இயல்பு’ பாதிப்பேருக்குக்கூட இல்லை. பெண்களில் மூன்றில் ஒருவர் தினமும் போவதே இல்லை. கெட்டியான வகைகள் பெண்களிடம்தான் அதிகம். அதைவிட முக்கியமானது ஒன்று: பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் சிக்கலும் ஒழுங்கின்மையும் வயதான பெண்களிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தன. வயது ஏற ஏற மலச்சிக்கல் கூடும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? ஹீட்டன் கண்டது தலைகீழ். இளம்பெண்களின் குடலில் என்ன கூடுதலாக நடக்கிறது என்று யோசித்தால், ஹார்மோனை விட்டுவிட்டு மேலே போக முடியாது.

உடற்கட்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 1996இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்களின் பெருங்குடல் ஆண்களுடையதைவிடச் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் நீளம் என்று கண்டது. ஆள் குள்ளம், குடல் நீளம். இடுப்பெலும்புக் குழிக்குள் தொங்கி வளைந்து கிடப்பதும் பெண்களிடமே அதிகம். பெருங்குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்கிற எங்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது நான் முதலில் சொன்ன ஒரே தாள் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இளம் ஆசிரியை வந்தார். பெயர், ஊர் வேண்டாம். வயிற்று வலி, வெளிக்குப் போகும்போது உயிர் போகிற வலி, அவ்வப்போது பேதி. இரண்டு இடங்களில் கொலனோஸ்கோப்பி செய்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லியிருந்தார்கள். ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்று எழுதி, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட வந்த மாமியார், “கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இப்படித்தான் டாக்டரம்மா, சாப்பாட்டைப் பார்த்தாலே பயப்படுறா” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, கவலைதான் இருந்தது.

“வலி எப்பம்மா வருது?” என்று கேட்டேன். “அப்பப்போ வருது” என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். “வீட்ல மாசக் காலண்டர் இருக்கா?” என்றேன். நம் வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும் இல்லையா, பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ‘கே’ என்று ஓர் எழுத்து, மாதவிடாய் வந்த நாளுக்குச் சின்னதாக ஒரு வட்டம். அதே காலண்டரில் வெளிக்குப் போகும்போது வலித்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அதைப் போனில் படம் எடுத்து வந்தார். மற்ற நாள்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோடுகள். வட்டத்துக்கு முந்தைய நாளிலிருந்து வட்டத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாள் வரை மட்டும், மூன்று மாதமும், ஒரு நாள் விடாமல் கோடு. அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் எழுதிய சீட்டு எங்கள் பிரிவுக்கு அல்ல, மகளிர் நோய்ப் பிரிவுக்கு.

அவருக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவர்த் திசுவை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. ஈஸ்ட்ரோஜன்தான் அதற்குத் தீனி. மாதவிடாயின்போது உள்ளே இருக்கும் திசுவைப் போலவே இதுவும் வீங்கும், கசியும். ஆனால் வெளியேற வழியில்லை. குடலில் வளர்ந்தால் பெரும்பாலும் மலக்குடலிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் வளரும். அது குடலின் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி வருவதால், உள்ளே கேமராவை விட்டுப் பார்க்கும் எங்களுக்குப் பல நேரங்களில் உட்சுவர் பளிச்சென்றே தெரியும். ‘கொலனோஸ்கோப்பி நார்மல்’ என்ற வரி அங்கே பொய்யில்லை, ஆனால் போதாது. பழகிய கை செய்யும் அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ தெரியலாம், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. அவர்களில் சிறு பங்கினருக்கே குடலில் வருகிறது. அறிகுறி தொடங்கி நோய் இன்னதென்று தெரிய 4 முதல் 12 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. சிலிண்டர் கணக்கு எழுதுகிற காலண்டரில் எழுதியிருந்தால் அதில் பாதிக் காலம் மிஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

ஆனால் வட்டத்தை ஒட்டி வரும் வலியெல்லாம் எண்டோமெட்ரியோசிஸ் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐபிஎஸ் உள்ள பெண்களுக்கும் மாதவிடாய் நாள்களில் தொந்தரவு கூடும். மான்செஸ்டரில் லெஸ்லி ஹௌட்டன் குழுவினர் மலக்குடலுக்குள் ஒரு சிறு பலூனை வைத்துக் காற்றடித்து, எந்த அளவில் வலி தொடங்குகிறது என்று பார்த்தார்கள். நோய் இல்லாத பெண்களிடம் மாதத்தின் எந்த நாளிலும் பெரிய மாற்றமில்லை. ஐபிஎஸ் உள்ள பெண்களிடம் மாதவிடாய் நாள்களில் குறைந்த காற்றுக்கே வலித்தது. ஹார்மோன் எல்லோருக்கும்தான் இறங்குகிறது. ஏற்கெனவே உணர்ச்சி மிகுந்த குடல்தான் அதை வலியாகக் கேட்கிறது.

ஐபிஎஸ் பெண்களின் நோய் என்று மேலைநாட்டுப் பாடநூல்கள் எழுதுகின்றன. அங்கே ஓர் ஆணுக்கு இரு பெண்கள் என்ற விகிதத்தில் வருகிறார்கள். நம் நாட்டில்? 2008இல் இந்திய இரைப்பைகுடல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு ஒன்று பல ஊர் மருத்துவமனைகளின் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தது. 68 சதவீதம் பேர் ஆண்கள். கடல் தாண்டியதும் ஈஸ்ட்ரோஜனின் குணம் மாறிவிடுமா? நம்மூரில் கணவனுக்கு வயிறு சரியில்லையென்றால் டாக்டர், மனைவிக்கு என்றால் ஓமத் தண்ணி. அப்படித்தான் இந்த எண் உருவாகிறது என்று நினைக்கிறேன். முழுக்க அதுவே காரணம் என்றும் சொல்லமாட்டேன். ஆசியாவில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்குகளிலும் ஆண் பெண் வித்தியாசம் மேலைநாடுகளில் உள்ள அளவுக்கு இல்லை. ஆனால் ஹார்மோனைப் பற்றிப் பேசும் எந்தப் புள்ளிவிவரத்தையும் படிக்கும்போது, வரிசையில் நின்றவர்கள் யார், நிற்க முடியாமல் போனவர்கள் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்துக் கம்பெனிகளின் கதையும் இதில் உண்டு. அமெரிக்காவில் 1977இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993இல்தான் அந்த நிலை மாறியது. ஏழே ஆண்டில், 2000 பிப்ரவரியில், அதே அமைப்பு பேதி வகை ஐபிஎஸ்ஸுக்கு அலோசெட்ரான் என்ற மருந்தைப் பெண்களுக்கு மட்டும் என்று அனுமதித்தது. சோதனைகளில் பலன் தெரிந்தது பெண்களிடம்தான். அதே ஆண்டு நவம்பரில் மருந்து சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. சிலருக்குப் பெருங்குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண்ணானது, கடும் மலச்சிக்கல் வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. நோயாளிகளே கேட்டதால் 2002இல் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் வந்தது. பெண்ணைச் சோதனையிலேயே சேர்க்காமல் இருந்த காலமும், பெண்ணுக்கென்றே மருந்து கொடுத்து மாட்டிக்கொண்ட காலமும் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன.

கர்ப்ப காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இங்கே அனுபவசாலிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். புரோஜெஸ்டிரோன் மாதக்கணக்கில் உச்சத்தில் இருக்கிறது, குடல் மெதுவாகிறது, உள்ளே தண்ணீர் அதிகமாக உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரை. அரசுத் திட்டத்தில் தினம் ஒன்றாக 180 நாள் கொடுப்பது, 60 மில்லிகிராம் இரும்பு கொண்டது. அதனால் சிக்கல் கூடும், மலம் கறுப்பாகவும் போகும். கறுப்பைக் கண்டு பயந்து மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கறுப்பு இரும்பின் நிறம், அதற்குப் பயம் வேண்டாம். சிக்கலுக்கு இசப்கோல் உண்டு, கர்ப்பத்தில் பாதுகாப்பான வேறு மருந்தும் உண்டு, செவிலியரிடம் கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு வாங்கிக் குடிக்க வேண்டாம். இன்னொன்று, ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொழுப்பைக் கூட்டும், புரோஜெஸ்டிரோன் பித்தப்பையைச் சோம்ப வைக்கும்; பிள்ளை பெற்ற பெண்களிடம் பித்தப்பைக் கல் அதிகம் இருப்பது இதனால்தான். குரோன்ஸ் நோய் போன்ற குடல் அழற்சி உள்ளவர்கள் நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. நோய் தீவிரமாக இருக்கும்போது கருத்தரித்தால் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையும், ஒரு பங்கினருக்கு அப்படியே இருக்கும், ஒரு பங்கினருக்குக் கூடும் என்பது நாங்கள் கையில் வைத்திருக்கும் பழைய கணக்கு.

இதுவரை ஹார்மோன் குடலை என்ன செய்கிறது என்று சொன்னேன். குடல் ஹார்மோனை என்ன செய்கிறது என்பது இதைவிடச் சுவையானது. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலம் என்ற காகிதத்தில் பொட்டலம் கட்டி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. பொட்டலமாகவே இருந்தால் அது மலத்தோடு போய்விடும். ஆனால் குடலில் வாழும் சில பாக்டீரியாக்களிடம் கட்டை அவிழ்க்கும் நொதி இருக்கிறது. அவிழ்த்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் மறுபடி ரத்தத்தில் ஏறிவிடும். 1970களில் கர்ப்பிணிகளுக்கு ஆம்பிசிலின் கொடுத்தபோது சிறுநீரில் எஸ்ட்ரியோல் அளவு இறங்கியதை ஃபின்லாந்து மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் எஸ்ட்ரியோல் இறங்கினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை; மருந்தில் செத்தவை கட்டை அவிழ்க்கும் பாக்டீரியாக்கள்.

1982இல் பாஸ்டனில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது: சைவம் சாப்பிடும் பெண்கள் பத்துப் பேர், அசைவம் சாப்பிடும் பெண்கள் பத்துப் பேர். சைவம் சாப்பிட்டவர்களின் மலம் எடை கூடுதலாக இருந்தது, அதில் வெளியேறிய ஈஸ்ட்ரோஜன் இரண்டு மூன்று மடங்கு இருந்தது, ரத்தத்தில் அளவு குறைந்திருந்தது. நார்ச்சத்து மிகுந்த உணவுதான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. ஈஸ்ட்ரோஜனைக் கையாளும் இந்தப் பாக்டீரியாக் கூட்டத்துக்கு 2011இல் நியூயார்க்கின் பிளாட்டெல், பிளேசர் இருவரும் எஸ்ட்ரோபோலோம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்த கையோடு வியாபாரமும் வந்துவிட்டது. மலத்தை அனுப்பினால் எஸ்ட்ரோபோலோம் பரிசோதித்துச் சரிசெய்கிறோம் என்ற விளம்பரம் போனில் வந்தால், அந்தக் காசுக்கு அவரைக்காயும் கேழ்வரகும் வாங்கிக்கொள்ளுங்கள். எள்ளில் இருக்கும் லிக்னான்களைக் குடல் பாக்டீரியாக்கள் மென்மையான ஈஸ்ட்ரோஜன் குணமுள்ள எண்டரோலாக்டோனாக மாற்றுகின்றன என்பதும் உண்மை. அதற்காக எள்ளுருண்டை ஹார்மோன் சிகிச்சை ஆகிவிடாது. ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

இனிப் புற்றுநோய். 1969இல் அமெரிக்காவில் ஜோசஃப் ஃபிராமேனி குழுவினர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கன்னியாஸ்திரீகளின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கன்னியாஸ்திரீகளிடம் மார்பகப் புற்று அதிகம் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த சேதி. இந்த ஆய்வில் பெருங்குடல் புற்றும் கூடுதலாக வந்து நின்றது. பிள்ளை பெறாமல் இருப்பதற்கும் பெருங்குடலுக்கும் என்ன சம்பந்தம்? 1980இல் ஆஸ்திரேலியாவின் ஆன்டனி மெக்மைக்கேல், ஜான் பாட்டர் இருவரும் பாலியல் ஹார்மோன்கள் பித்த அமிலங்களை மாற்றி அதன் வழியாகப் பெருங்குடலைப் பாதிக்கின்றன என்று ஒரு கருதுகோள் முன்வைத்தார்கள். பிற்பாடு பீட்டா ஏற்பி வந்தது. பெருங்குடலில் புற்று முற்ற முற்ற அந்த ஏற்பி குறைந்துகொண்டே போவதும் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் குடலைக் காக்கிறது என்ற நம்பிக்கை வலுத்தது.

நம்பிக்கையைச் சோதித்தது விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்கப் பேராய்வு. மாதவிடாய் நின்ற 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களில் பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற செயற்கைச் சரக்கும் கலந்த மாத்திரை, மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. எட்டரை ஆண்டு நடத்தத் திட்டமிட்டதைச் சராசரியாக ஐந்து ஆண்டிலேயே, 2002 ஜூலையில் நிறுத்தினார்கள். பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்று ஆறு பேருக்குக் குறைந்தது. ஆனால் மார்பகப் புற்று எட்டுப் பேருக்குக் கூடியது, பக்கவாதம் எட்டுப் பேருக்கு, நுரையீரலில் ரத்தக்கட்டி எட்டுப் பேருக்கு, மாரடைப்பு போன்ற இதய நோய் ஏழு பேருக்குக் கூடியது. ஆறை வாங்க முப்பத்தொன்றைக் கொடுக்கிற வியாபாரம்.

அதோடு முடியவில்லை. 2004இல் குடல் புற்றை மட்டும் தனியே எடுத்து அலசினார்கள். ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 43 பேருக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 72 பேருக்குப் புற்று வந்திருந்தது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அந்த 43 பேரில் பெரும்பாலோரின் புற்று முற்றிய நிலையில், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் தொடர்ந்து கவனித்தபோது குடல் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் பலன் எதுவும் தெரியவில்லை. கருப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த இணை ஆய்வில், குடல் புற்று குறையவே இல்லை. ஈஸ்ட்ரோஜன்தான் காவலன் என்றால் தனியாக இருக்கும்போது ஏன் காக்கவில்லை? இந்தக் கேள்வி என்னைப் போன்றவர்களை இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது வரும் உடல் வெக்கைக்கு ஹார்மோன் மாத்திரை நல்ல மருந்து, தேவையானவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம். குடல் புற்றைத் தடுக்கிறேன் என்று யாரும் சாப்பிட வேண்டாம்.

ஆண்களுக்கு என்ன என்று முன்வரிசையில் ஒருவர் நினைப்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குக் குடல் புற்று வருகிறது, அதில் ஆண்களே அதிகம். விஸ்கான்சினில் எலிகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், பெண் எலிகளின் சினைப்பையை எடுத்தபோது குடல் கட்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆண் எலிகளின் விதையை நீக்கியபோது கட்டிகள் குறைந்தன. டெஸ்டோஸ்டிரோனைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிகளும் திரும்பின. அப்படியானால் குற்றவாளி டெஸ்டோஸ்டிரோனா? 2010இல் புராஸ்டேட் புற்றுக்காக ஆண் ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பெற்றவர்கள் உட்பட ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். அடக்கியவர்களிடம் குடல் புற்று முப்பது நாற்பது சதவீதம் கூடுதலாக இருந்தது. எலி ஒன்று சொல்கிறது, மனிதன் ஒன்று சொல்கிறான். இடையில் புகை, மது, உடற்பருமன் எல்லாம் இருக்கின்றன; அவை ஆண்களிடம் எப்படிப் பரவியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

பெண்களின் குடல் புற்றில் ஒரு தனிக்குணம் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, பெருங்குடலின் வலப்பக்கத்தில் வருவது கூடுதல். அங்கே மலம் இளக்கமாக இருப்பதால் அடைப்பு சீக்கிரம் வராது. கசியும் ரத்தம் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணில் படாது. வெளியே தெரிவது ரத்தசோகை ஒன்றுதான். ரத்தசோகை நம் ஊரில் யாருக்கு இல்லை? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம் பேருக்கு, தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனவே வெளுத்த பெண் வந்தால் ‘பீரியட்ஸ்ல ஜாஸ்தி போகும்’ என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பி எங்களுக்குப் பழகிவிட்டது. நாற்பது வயதுக்காரிக்கு அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். மாதவிடாய் நின்று நாலு வருஷம் ஆன பெண்ணுக்கு? அவளுடைய ரத்தம் எந்த வழியாகப் போகிறது? அந்த வயதில் ரத்தசோகை என்றால் குடலைப் பார்த்தே ஆக வேண்டும். ‘கடைசி மாதவிடாய் எப்போது’ என்ற ஒரு கேள்வியைக் குடல் மருத்துவர் கேட்காமல் விட்டால், வலப்பக்கத்தில் ஒரு கட்டி நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும். நம் நாட்டின் அரசுப் புற்றுப் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பவை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும்தான். குடலுக்கு அழைத்துச் சோதிக்க யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். நாமேதான் போக வேண்டும்.

எனவே காலண்டரில் என்ன எழுதுவது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மாதவிடாய் தொடங்கிய நாள். அன்றன்று போனது பிரிஸ்டல் அட்டவணையில் எத்தனையாவது வகை; அட்டவணை தெரியாவிட்டால் கெட்டி, சரி, இளக்கம் என்று மூன்று சொல் போதும். வலி இருந்ததா, எப்போது. கருத்தடை மாத்திரை, இரும்பு மாத்திரை, வலி மாத்திரை தொடங்கிய தேதி. மூன்று மாதம் எழுதிக் கொண்டுவாருங்கள், எந்த மருத்துவரும் அதை ஒதுக்க முடியாது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்குமேல் புதிதாக மாறிய மலப் பழக்கம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தசோகை இவற்றுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். ‘மூலமாத்தான் இருக்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு இருந்துவிடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்களுக்கும் அதே பட்டியல்தான், கடைசி ஒன்றில் மட்டும் மாற்றம்: ஆணுக்கு எந்த வயதில் ரத்தசோகை வந்தாலும் குடலைப் பார்க்க வேண்டும், அவரிடம் மாதவிடாய் என்ற சாக்கு இல்லை.

கேள்விகள் இருக்கும். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருப்பவர்களுக்காக வாசலில் துண்டுச்சீட்டும் பென்சிலும் வைத்திருக்கிறார்கள். எழுதி மேடைக்கு அனுப்புங்கள், பெயர் போட வேண்டாம். வயதையும், பெண்ணாக இருந்தால் கடைசி மாதவிடாய் தேதியையும் மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.